பஞ்சத்தில் பிறந்த சபை

ஒங்கோல் என்றதும் நமக்கெல்லாம் மாடுதான் ஞாபகத்துக்கு வரும். வெள்ளை நிறம், பெரிய திமில், எட்டு ஊர் பார்த்து நிற்கும் ஒங்கோல் காளை. சென்னையிலிருந்து விஜயவாடா போகும் ரயிலில் நெல்லூர் தாண்டி வருகிற ஊர். அந்த ஊரில் 1867 ஜனவரி 1-ஆம் தேதி எட்டே எட்டுப் பேர் சேர்ந்து ஒரு பாப்டிஸ்ட் சபையை ஆரம்பித்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அது உலகத்திலேயே பெரிய பாப்டிஸ்ட் சபை என்று அமெரிக்கப் பத்திரிகைகளில் பேசப்பட்டது. இன்று அந்தச் சபையின் ஆரம்ப காலத்தைப் பற்றி எழுதப் போகிறேன். புதுக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு ஒங்கோலைப் பற்றி எழுத எனக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. நடுவில் சொல்கிறேன்.

பாப்டிஸ்ட் சபைகள் நம் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் அதிகம் இல்லை. இங்கே கடற்கரையில் கத்தோலிக்கர், உள்ளே தேரிக்காட்டில் சி.எஸ்.ஐ., நடுவில் பெந்தெகொஸ்தே. அதனால் இரண்டு வரி விளக்கம். பாப்டிஸ்டுகள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. ஒருவர் வளர்ந்து, தானே கேட்டு, தன் விசுவாசத்தைச் சபை முன்னால் சொன்ன பிறகுதான் தண்ணீரில் முழுக்கு. இரண்டாவது, அவர்களுக்கு மேலே பிஷப் கிடையாது. அந்தந்தச் சபையே கூடி, கை தூக்கி, தன் காரியத்தைத் தானே தீர்த்துக்கொள்ளும். 1609-இல் ஆம்ஸ்டர்டாமில் அடைக்கலமாக இருந்த சில ஆங்கிலேயர்களிடமிருந்து தொடங்கிய வழக்கம் இது. இந்தியாவுக்கு 1793-இல் வில்லியம் கேரியோடு வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மிஷனரிகளைக் கண்டால் ஆகாது என்பதால் கேரி டேனிஷ்காரர்களின் செராம்பூரில் ஒதுங்கினார். எங்கள் காரைக்காலுக்கு வடக்கே இருக்கிற தரங்கம்பாடியும் அதே டேனிஷ்காரர் ஊர்தான். அங்கே சீகன்பால்கு 1706-லேயே வந்து இறங்கிவிட்டார். ஆனால் நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தது என்ன? கோல் தேசத்து மக்கள்தான் எங்கள் முன்னோர் என்று பிரெஞ்சுப் புத்தகத்தில் படித்தோம். கறுத்த பையன்கள் நாற்பது பேர் சேர்ந்து, பொன்முடி வைத்த முன்னோரைப் பற்றி ராகம் போட்டு ஒப்பிப்போம். பக்கத்துத் தரங்கம்பாடியைப் பற்றி ஒரு வரி கிடையாது. நான் பின்னால் சொல்லப் போவதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு, அதனால்தான் சொன்னேன்.

ஒங்கோலுக்கு வருவோம். சாமுவேல் டே என்ற அமெரிக்கர் சென்னையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு 1840-இல் நெல்லூருக்குப் போய்த் தெலுங்கு மிஷனை ஆரம்பித்தார். பலன் ஒன்றும் பெரிதாக இல்லை. பத்துப் பதிமூன்று வருஷம் கழித்தும் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் ஆட்கள். அமெரிக்காவில் இருந்த தலைமை, இதை மூடிவிட்டு ஆட்களைப் பர்மாவுக்கு அனுப்பலாமா என்றுகூட யோசித்தது. 1853-இல் ஆல்பனி நகரில் நடந்த கூட்டத்தில் இதுதான் விவாதம். வரைபடத்தில் பர்மா முழுக்கப் புள்ளி புள்ளியாக மிஷன் நிலையங்கள், இந்தப் பக்கம் நெல்லூர் ஒன்று மட்டும் தனியாக. ஒருவர் அதைத் தனி நட்சத்திரம் என்று சொல்ல, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அன்று ராத்திரியே அதை வைத்து ஒருவர் கவிதை எழுதி, மறுநாள் வாசித்து, கூட்டத்தையே கலங்க வைத்துவிட்டாராம். கணக்குப் பார்க்க உட்கார்ந்த கமிட்டி கவிதை கேட்டு மனம் மாறியது என்பது, முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு தூக்கிய எனக்கு நம்பச் சிரமமான விஷயம். ஆனால் நடந்திருக்கிறது.

அடுத்த வருஷம் 1854 ஜனவரி 1 விடியற்காலையில், ஒங்கோலுக்குப் பக்கத்துக் குன்றின் மேல் ஐந்து பேர் ஏறி ஜெபம் செய்தார்கள். லைமன் ஜூவெட் என்ற மிஷனரி, அவர் மனைவி, நரசு என்ற உள்ளூர்க்காரர், ஜூலியா, ரூத் என்ற இரண்டு இந்தியப் பெண்கள். இந்த ஊருக்கு ஒரு ஆளை அனுப்பு என்பது வேண்டுதல். ஆள் வருவதற்குப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. ஜான் கிளஃப் என்பவர் 1866-இல் ஒங்கோலில் குடியேறினார். இவர் ஊழியத்துக்கு வருவதற்கு முன் நில அளவை வேலை பார்த்தவர். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

ஆனால் என்னைக் கேட்டால் ஒங்கோல் சபையின் கதை கிளஃபிலிருந்து ஆரம்பிக்கவில்லை. எர்ரகுண்ட்ல பேரய்யா என்ற தோல் வியாபாரியிடமிருந்து ஆரம்பிக்கிறது. மாதிகர் என்பது அங்கே தோல் வேலை செய்கிற, ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட சாதி. நம் பக்கத்துச் சக்கிலியர் போல. பேரய்யா சாமியார்களிடம் யோகம் கற்று, மூச்சை அடக்கித் தியானம் செய்து, கடவுள் ஒருவரே என்று ஏற்கெனவே வந்து சேர்ந்தவர். தோல் வாங்க வடக்கே கோதாவரிப் பக்கம் போன இடத்தில் ஏலூரில் ஒரு மிஷனரி பேசக் கேட்டார். தான் தேடுவது இதுதான் என்று அவருக்குப் பட்டது. வீட்டுக்கு வந்து மனைவி நாகம்மாவிடம் சொன்னார். 1866-இல் இருவரும் ஜூவெட்டிடம் ஞானஸ்நானம் பெற்றார்கள். பிறகு கிளஃப் ஒங்கோலில் காலை ஊன்றியதும், எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று விடாமல் கூப்பிட்டவரும் இவர்தான். 1867 ஜனவரியில் கிளஃப் தல்லகொண்டபாடு என்ற அந்த ஊருக்குப் போனார். ஊருக்கு வெளியே தோப்பில் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆட்கள் சோற்று மூட்டையோடு வந்து நாள் கணக்கில் தங்கிக் கேட்டார்கள். 28 பேர் அங்கே முழுக்குப் பெற்றார்கள். மிஷனரி போய்க் கண்டுபிடித்த ஜனம் இல்லை இது. இவர்கள்தான் மிஷனரியைக் கண்டுபிடித்தார்கள்.

இதற்கு விலை இருந்தது. ஒங்கோல் ஊருக்குள் பிராமணரும் கோமுட்டிச் செட்டிகளும் கிளஃபோடு நன்றாகத்தான் பழகினார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். மாதிகரைச் சேர்த்தால் நாங்கள் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பெரிய சாதிக்காரர் பத்துப் பேர் வந்தால் ஊரே பின்னால் வரும் என்பது அந்தக் காலத்து மிஷனரிகள் பலருடைய கணக்கு. கிளஃப் அந்தக் கணக்கை விட்டார். அன்று இரவு அவரும் மனைவியும் தனித்தனி அறையில் பைபிளைத் திறக்க, இருவருக்கும் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் ஒரே பகுதி, எளியவர்களை அழைத்ததைச் சொல்லும் இடம், வந்தது என்று எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடம் காலியானது.

வந்த மாதிகருக்கு அவர் சொன்ன விதிகள் மூன்றுதான். ஞாயிற்றுக்கிழமை வேலை கூடாது, செத்த மாட்டைத் தின்னக் கூடாது, விக்கிரகத்தைக் கும்பிடக் கூடாது. கேட்க எளிதாக இருக்கிறது. கிராமத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், இந்த மூன்றும் ஊர் அமைப்பின் அடிமட்டக் கல்லில் கை வைப்பது. திருவிழாவுக்குத் தப்பு அடிக்க ஆள் வரவில்லை என்றால் ஊர் சும்மா இருக்குமா? கிணறு மறுக்கப்பட்டது, கூலி மறுக்கப்பட்டது, அடி விழுந்தது.

பிறகு வந்தது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் மட்டும் 50 லட்சத்துக்கு மேல் செத்தார்கள் என்று மதிப்பு. நிவாரண வேலையில் ஒரு ஆம்பிளைக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் என்ற துரை நிர்ணயித்தார். ஒரு ராத்தல் என்றால் இன்றைய கணக்கில் 450 கிராம். மண்வெட்டி பிடிப்பவனுக்கு அது. கோப்பில் எழுதுகிற கைக்குத் தட்டுகிற பசி தெரியாது.

அந்த நேரத்தில் அரசாங்கம் பக்கிங்ஹாம் கால்வாயை வெட்டிக்கொண்டிருந்தது. பெத்த கஞ்சாமிலிருந்து நம் மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் ஓடும் உப்புத்தண்ணீர்க் கால்வாய். அதில் மூன்றரை மைல் நீளத்தைக் கிளஃப் கான்ட்ராக்ட் எடுத்தார். நில அளவைக்காரர் என்று சொன்னேனே, இங்கே அது கைகொடுத்தது. ஏன் எடுத்தார் என்றால், மற்ற கான்ட்ராக்டர்களின் மேஸ்திரிகள் மாதிகரை விரட்டினார்கள், அளவில் ஏமாற்றினார்கள், கூலியில் பிடித்தார்கள். இவருடைய பகுதியில் பிரசங்கிகளே மேஸ்திரிகள். வேலைக்கு வந்தவன் சாதி பார்த்து விரட்டப்படவில்லை, வெட்டிய மண்ணுக்குக் காசு ஒழுங்காக வந்தது. ராத்திரி கூடாரத்தில் ஜெபம், பாட்டு. கேட்டவர்கள் கேட்டார்கள்.

இங்கேதான் முக்கியமான விஷயம். பஞ்ச காலத்தில், நிவாரணப் பணம் தன் கையில் இருந்த வரையில், சுமார் பதினைந்து மாதம் கிளஃப் ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. கேட்டு வந்தவர்கள் ஆயிரக்கணக்கில். திருப்பி அனுப்பினார். மழை பெய்து, வேலை முடிந்து, கையில் காசு தீர்ந்த பிறகு, 1878 ஜூனில், இனி கொடுக்க ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்றார். எங்களுக்குப் பணம் வேண்டாம், எங்களால் உழைக்க முடியும், ஞானஸ்நானம் கொடுங்கள் என்று நின்றார்களாம்.

ஜூலை 2, 3, 4 தேதிகளில், ஒங்கோலுக்கு வடக்கே வெல்லம்பள்ளி என்ற இடத்தில் குண்ட்லகம்மா ஆற்றில் முழுக்கு நடந்தது. முதல் நாள் 614. இரண்டாம் நாள் 2,222. மூன்றாம் நாள் 700. மொத்தம் 3,536. அந்த வருஷம் முடிவதற்குள் 9,606. இவ்வளவு பேரையும் தண்ணீரில் இறக்கியது வெள்ளைக்காரர் இல்லை. ஆறு உள்ளூர்ப் பிரசங்கிகள், இருவர் இருவராக முறை போட்டு இறங்கி நின்றார்கள். கிளஃப் கரையில் நின்றார். பெயர்களை முன்பே எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசிக்க, ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

அந்தப் பட்டியல் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. நான் எழுத்தன். பிரெஞ்சு ஆட்சியில் எங்கள் ஊரில் எத்தா சிவில் பதிவேடு என்று உண்டு. பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றும் அதில் ஏறும். ஒதுக்கப்பட்ட சேரியில் பிறந்தவனுக்கும் அதில் ஒரு பக்கம், ஒரு தேதி, ஒரு கையெழுத்து. அதை வைத்தே பென்ஷன் வாங்கிய குடும்பங்கள் உண்டு. அதுவரை ஊர்க் கணக்கில் தலைக்கணக்காக மட்டும் இருந்த ஒருவனுடைய பெயரை ஒருவர் உரக்கப் படிக்கிறார், அவன் ஆம் என்று முன்னால் வருகிறான். அது சின்னக் காரியம் இல்லை.

இனி என் காரணத்தைச் சொல்கிறேன். நம் வட்டாரத்தில் ஒரு சபை. பெயர் வேண்டாம், பாப்டிஸ்டும் இல்லை. பெரிய ஆண்டு விழா வருகிறது, மலர் போடுகிறார்கள். பழைய கையெழுத்துப் படிப்பேன் என்பதால் என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்து வரலாற்றை எழுதித் தரச் சொன்னார்கள். கத்தோலிக்கன் என்று பார்க்காமல் கேட்டார்களே என்று சந்தோஷமாக எழுதினேன். அந்த நோட்டில், தாது வருஷப் பஞ்சத்தில் இன்ன இன்ன குடும்பங்கள் கஞ்சித்தொட்டிக்கு வந்து, பிறகு சபையில் சேர்ந்தன என்று ஒரு உபதேசியார் தெளிவாக எழுதியிருக்கிறார். நானும் எழுதினேன். மலர்க் குழு அந்தப் பாராவை அடித்துவிட்டது. குழுவில் எனக்கு வேண்டியவர் ஒருவர் வீட்டுக்கே வந்து சொன்னார்: "கஞ்சிக்கு வந்தவுகன்னு நாளைக்கு நம்ம பேரப்புள்ளைக படிக்கணுமா அண்ணாச்சி?" அதற்குப் பதிலாக, துரை கப்பலில் வந்து இறங்கினார், மக்கள் திரளாக ஏற்றுக்கொண்டார்கள் என்று இரண்டு வரி. கோல் தேசத்து முன்னோர் மாதிரிதான் இதுவும்.

அவர் வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. அரிசிக் கிறிஸ்தவர் என்கிற ஏச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள். அந்த ஏச்சைச் சொல்பவர்கள் வெளியார் மட்டும் இல்லை, கிறிஸ்தவர்களே ஒருவரை ஒருவர் சொல்வதுண்டு. ஆனால் இந்தக் கடற்கரையில் அதைச் சொல்ல யாருக்குத் தகுதி இருக்கிறது? எங்கள் கத்தோலிக்கத்தை எடுத்துக்கொள்வோம். முத்துக்குளித்துறைப் பரதவர் 1535-இல் கொச்சிக்கு ஆள் அனுப்பினார்கள். முத்துச்சலாபம் யார் கையில் என்பதில் அடிதடி, உயிருக்கே ஆபத்து. போர்ச்சுகீசியர் பாதுகாப்புக் கொடுத்தார்கள், இரண்டு வருஷத்துக்குள் சுமார் 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். சவேரியார் வந்ததே 1542-இல்தான். வந்தவருக்கு வேலை, ஏற்கெனவே முழுக்குப் பெற்றவர்களுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பது. முத்துக்காகச் சேர்ந்தவர்கள் என்று இன்று யாராவது பரதவரைச் சொல்வார்களா? நானூற்றெண்பது வருஷம், டச்சுக்காரன் வந்து கோயிலைப் பிடுங்கியபோதும் விடாமல் இருந்தவர்கள். உள்ளே போனால் முதலூர். 1799-இல் அடிபட்டு விரட்டப்பட்டவர்களுக்குத் தங்க ஒரு இடம் வேண்டும் என்று வாங்கிய நிலம் அது. பாதுகாப்பு, நிலம், கஞ்சி. நம்மில் எவர் வீட்டுக் கதையிலும் இந்த மூன்றில் ஒன்று இருக்கும்.

ஒங்கோலுக்கு எதிராகவும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொருவராக விசாரித்து, விசுவாசம் கேட்டு முழுக்குக் கொடுப்பதே பாப்டிஸ்ட் முறை என்றால், ஒரே நாளில் 2,222 பேர் எப்படி என்று அமெரிக்காவிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. பிரசங்கிகளுக்கு அந்தந்தக் கிராமத்து ஆட்களை ஏற்கெனவே தெரியும், அவர்கள் விசாரித்தபிறகே பெயர் எழுதினோம் என்பது பதில். பாதிதான் திருப்தி எனக்கு. கிராமம் கிராமமாக, உறவு உறவாக வந்தவர்கள், தனி மனிதராக முடிவெடுத்தார்களா, பெரியவர் சொன்னதற்காக வந்தார்களா? இரண்டும் இருந்திருக்கும். கல்யாணம் முதல் ஓட்டு வரை நம் ஊரில் எது தனியாக முடிவெடுக்கப்படுகிறது?

பதினைந்து மாதம் கதவைச் சாத்தியது கிளஃபின் நேர்மைக்குச் சாட்சி. அதை மதிக்கிறேன். ஆனால் சாத்தாமலே இருந்திருந்தாலும், பசித்தபோது தன்னை மனிதனாக நடத்தியவனின் கடவுளை நம்புவதில் என்ன கேவலம் என்பதுதான் என் கேள்வி. வயிறு நிறைந்தவன் நம்பினால் அது தத்துவம், பசித்தவன் நம்பினால் அது அரிசியா? பிழைப்புக்காக மட்டும் சேர்ந்திருந்தால் பஞ்சம் போனதும் போயிருப்பார்கள். தப்பு அடிக்க மாட்டேன் என்று அடி வாங்கியிருக்க மாட்டார்கள். 1985-இல் அதே பிரகாசம் மாவட்டத்துக் காரம்சேடில் குடிதண்ணீர்க் குளத்தை அசுத்தம் செய்ததைக் கேட்டதில் ஆரம்பித்த தகராறில் ஆறு மாதிகர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கஞ்சிக்காக நடந்ததா அது?

இன்னொரு தகவல். கிளஃபின் இரண்டாவது மனைவி எம்மா ரௌஷன்புஷ். மாதிகப் பிரசங்கிகளிடம் உட்கார்ந்து கதை கேட்டு 1899-இல் ஒரு புத்தகம் போட்டார். செருப்புத் தைக்கும் நேரத்தில் என்று அதற்கு அர்த்தம் வரும் தலைப்பு. பேரய்யாவின் யோகமும் குருக்களும் இன்று நமக்குத் தெரிவது பெரும்பாலும் அந்தப் பெண்மணியால். அவருடைய தம்பி வால்டர் ரௌஷன்புஷ், ஏழைகளின் கூலியும் குடியிருப்பும் சபையின் வேலைதான் என்று அமெரிக்காவில் எழுதிப் பெரிய விவாதத்தைக் கிளப்பியவர். அவர் புத்தகம் தன் சிந்தனையில் அழியாத தடம் பதித்ததாக மார்ட்டின் லூதர் கிங் சொல்லியிருக்கிறார். கிங்கும் பாப்டிஸ்ட் போதகர். எம்மா பஞ்சத்தை மறைக்கவில்லை, செத்த மாட்டை மறைக்கவில்லை. மாதிகப் பிரசங்கிகள் தாங்களே அதைச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு இல்லாத வெட்கம் நம் மலர்க் குழுவுக்கு எதற்கு?

நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அந்தப் பாராவைத் திரும்பவும் சுத்தமாகப் படியெடுத்து, இந்தக் கட்டுரையோடு சேர்த்துக் குழுவுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அச்சுக்குப் போக இன்னும் மூன்று வாரம் இருக்கிறதாம்.

வாசக நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கோயில், உங்கள் சபை எதுவானாலும், பழைய ஞானஸ்நானப் பதிவேடோ உபதேசியார் நோட்டோ பீரோவில் இருந்தால், பேரனிடம் போனைக் கொடுத்துப் பக்கம் பக்கமாகப் படம் எடுக்கச் சொல்லுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து எடுக்க வேண்டும், ஃபிளாஷ் போடக் கூடாது, மை வெளுத்த எழுத்து விழாது. ஓரம் பொடிந்திருந்தால் டேப் ஒட்டிவிடாதீர்கள். கரையான் முதலில் தின்பது முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும்தான், அதனால் அந்த இரண்டையும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.